கரையில் வைத்து இன்னொரு விலை

கடல் கடந்த கடையொன்றில், ஒன்லைனில், சூரிய ஒளியில் ஓடும் தண்ணீர் மோட்டர் வாங்கினேன். இறக்குமதி வரி தனியாக வரும் என்று யோசிக்கவேயில்லை. கல்முனைக் கடைகளில் சொன்ன விலைக்குள்ளேயே வரியும் அடங்கிவிடும். அப்படி வாங்கிப் பழகிய புத்தி எனக்கு.

பார்சல் வந்தது. வரி கட்டினால்தான் தருவோம் என்று சுங்கத்தில் சொன்னார்கள். கையிலிருந்ததெல்லாம் மோட்டருக்கே போயிருந்தது. என் வீட்டின் ஒரே வருமானமான மிளகாய்க் கன்றுகளோ வெயிலில் தலை தொங்கி நின்றன.

"கடல் தாண்டி வந்த சாமானுக்குக் கரையில வச்சு இன்னொரு விலையா?" என்று தங்கச்சி புருசன் சிரித்தார்.

அன்று எங்கள் பெண்களின் சீட்டு. அந்த மாதப் பணம் பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாவுக்கு விழுந்தது. ஒழுகும் கூரையை மாற்றக் காத்திருந்தவர், என் கதையைக் கேட்டதும் பணத்தை அப்படியே என் மடியில் வைத்தார்.

"உங்கட கூரை, ராத்தா?"

"கூரை பொறுக்கும். மிளகாய்க் கண்டு பொறுக்குமா? உன்ட முறை வரக்குள்ள தா. அழாம எழும்பு புள்ள!"

வரி கட்டி மோட்டரை எடுத்த அன்றே கிணற்றடியில் பூட்டினோம். மண்ணெண்ணெய் இல்லாமல், குழாய் நிறையத் தண்ணீர் பாய்ந்தது. ராத்தா சேலையைச் செருகிக்கொண்டு ஈரமண்ணில் இறங்கி, கல்யாண வீட்டில் போடுவதுபோல் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்.

"எனக்கும் ஒண்டு எடுப்பமா?" என்றார் அன்று கேலியாய்ச் சிரித்த தங்கச்சி புருசன்.

"எடுப்பம் மச்சான். முதல்ல வரிய விசாரியுங்க. பொறகு தங்கச்சியச் சீட்டுல சேருங்க."

தனியாகப் போனைத் தட்டி வாங்கினேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் முறைப் பணத்தில் ராத்தாவின் கூரை மாறிய அன்று, குரவை போட்டது நான்.