கொட்வினின் தோள்

வியாழக்கிழமை என்றாலே மேர்வினுக்கு அலுப்பு. விடியற்காலை நாலு மணிக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றத் தொடங்கி, பன்னிரண்டுக்கு ஷிப்ட் முடித்து, ஹவுன்ஸ்லோவில் ஒரு தேநீர்க் கடையில் காலை நீட்டி உட்காரும்போது சேஷாத்ரியின் அழைப்பு வரும். சேஷாத்ரி, அவர்களுடைய கிரிக்கெட் கழகத்தின் முதல் அணிக் கப்டன். சென்னைக்காரர், வங்கியொன்றில் கணினி வேலை, பேச்சில் எப்போதும் ஓர் அவசரம். மேர்வின் இரண்டாம் அணிக் கப்டன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு யாரை மேலே, முதல் அணிக்கு, அனுப்பப் போகிறீர்கள் என்பதுதான் வாராவாரம் கேள்வி.

இரண்டாம் அணிக் கப்டனின் பிழைப்பே அதுதான். ஒருவனைத் தேற்றி எடுத்து, அவன் நாலு ஆட்டம் ஒழுங்காக ஆடியதும் மேலே தாரைவார்த்துவிட வேண்டும். பதிலுக்கு மேலேயிருந்து ஆட்டத்தில் ஃபோம் இழந்தவர்களும், கப்டனோடு மல்லுக்கட்டியவர்களும் வந்து சேருவார்கள். பதினொரு வருடமாக இதே கூத்து. சனிக்கிழமை காலையில் ஆள் சேராமல் வீடுவீடாகப் போய்க் கார் ஹோன் அடிப்பதும் அவர், மட்டை, பந்து மூட்டையைச் சுமப்பதும் அவர். நன்றி என்று ஒருவர் சொன்னதில்லை.

கொட்வின் விஷயத்தில் மட்டும் மேர்வின் கையை இறுக்கிக்கொண்டார்.

கொட்வின் மன்னார்க்காரன், முப்பத்திரண்டு வயது, டூட்டிங்கில் பலசரக்குக் கடையில் வேலை. இடதுகைச் சுழல்பந்து. அவன் வந்தால் இரண்டாம் அணி வெல்லும், வராவிட்டால் மண் கவ்வும். இரண்டு வருடத்துக்கு முன்பு சேஷாத்ரி முதல்முறையாக அவனைக் கேட்டபோது, மேர்வினின் வாயில் தானாக வந்தது அந்தப் பொய். அவனுக்குத் தோள் நோவு, பெரிய ஆட்டத்துக்குத் தாங்காது, நானே வைத்து வைத்துத்தான் பாவிக்கிறேன் என்றார். இரண்டாம் அணியின் ஸ்கோரை எடுத்துப் பார்க்கும் பழக்கம் மேலே எவருக்கும் இல்லாதபடியால் பொய் பிழைத்துக்கொண்டது. சேஷாத்ரி கேட்கும்போதெல்லாம் கொட்வினின் தோள் நொந்துகொண்டே இருந்தது.

முதல் அணியில் முதன்முதலாக ஆடுகிறவனுக்கு, எல்லாரும் வட்டமாக நின்று ஒரு கருஞ்சிவப்புத் தொப்பி போட்டுவிடுவார்கள். இரண்டாம் அணிக்குத் தொப்பி கிடையாது. போன வருடம் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும்போது, அதைக் காசுக்கு வாங்க முடியுமா என்று கொட்வின் கேட்டான். கழகம் தந்தால்தான் உண்டு என்றார் மேர்வின். அவன் சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று மேர்வினுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அவனிடம்தான் பந்தைக் கொடுத்தார். ஒரே மூச்சில் பதினெட்டு ஓவர். இந்த வருடமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படியே கழிந்தது.

இந்த வியாழன், பருவத்தின் கடைசி வியாழன். சனிக்கிழமை வென்றால் முதல் அணி ஒரு பிரிவு மேலே போகும். தன் ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் அணி ஒரு பிரிவு கீழே போகும். முதல் அணியின் சுழல்பந்துக்காரருக்கு விரல் முறிந்துவிட்டதாம். மிதுலனா கொட்வினா என்று சேஷாத்ரி கேட்டார். மிதுலன் போன வருடம் இரண்டாம் அணியில் சேர்ந்தவன்; பந்தை நேராகப் போடுவான், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் சொல்வதாக மேர்வின் போனை வைத்தார்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மிதுலன் என்று சொல்லிவிட்டால் இந்த வருடமும் தப்பிவிடலாம். ஆனால் பொய்யைச் சுமக்கவும் தெம்பு வேண்டும், அது அவரிடம் மிச்சமில்லை. திடீரென்று நல்லவராகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். களைத்துப் போனார், அவ்வளவுதான். கொட்வினை அழைத்தார்.

"சனிக்கிழமை நீ மேல் அணியில ஆடுறாய். தொப்பி தருவினம்."

கொட்வினுக்குப் பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"அண்ணை, ரெண்டு கிழமையா அரிசி மூட்டை தூக்க ஏலாமக் கிடக்கு. டொக்டர் ஊசி போட்டவர். உங்களுக்காக நோக் குளிசையைப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு சனிக்கிழமை சமாளிப்பம் எண்டு இருந்தனான். நேற்றுத்தான் பந்து பிடிச்சுப் பாத்தன். இப்ப உண்மையாவே தோள் ஏலாது."

உண்மையாவே. அந்தச் சொல் மேர்வினின் நெஞ்சில் குத்தியது; தன் பொய் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு யார் சொன்னது என்று மெல்லக் கேட்டார். போன வருடம் சேஷாத்ரி கறிவேப்பிலை வாங்கக் கடைக்கு வந்தாராம். தோள் எப்படியிருக்கிறது என்று விசாரித்தாராம்.

"நோகுது எண்டு சொல்லிட்டன். உங்களைப் பொய்யனாக்க மனம் வரேல்லை."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்களா ஒருநாள் அனுப்புவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் அண்ணை."

வாடிக்கையாளர் நிற்கிறார் என்று சொல்லிக் கொட்வின் போனை வைத்தான். மேர்வினுக்கு அழுகை வந்தது. கடைக்காரப் பெண் பார்த்துவிடுவாளோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வருடமாகத் தான் வாயால் சொல்லி வந்ததை, பதினெட்டுப் பதினெட்டு ஓவராகப் போடவைத்துத் தானே உண்மையாக்கிவிட்டோம் என்பது அவருக்கு விளங்கியது.

சேஷாத்ரியை அழைத்தார்.

"கொட்வினுக்குத் தோள் நோவு."

இந்தமுறை அது பொய்யில்லை, முன்பு சொன்னதெல்லாம்தான் பொய் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சேஷாத்ரி, "ஆமா, எப்பவும் அதைத்தானே சொல்றீங்க. சரி, மிதுலனையே அனுப்புங்க," என்று வைத்துவிட்டார்.

மேர்வின் ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு, சனிக்கிழமைக்குக் கொட்வினுக்கும் மிதுலனுக்கும் பதிலாக இரண்டு ஆட்களைத் தேடத் தொடங்கினார்.