வலப்பக்கத்து விரிசல்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அவருடைய வாழ்வைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவர் இறந்த விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்ணியின் ஒப்புதலோடு அதையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் செம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து நான். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தார். தேர்வை எழுதினார்; முடிவைப் பார்க்கப் போகவில்லை. "பாஸானாலும் தண்ணி பாய்ச்சணும், பெயிலானாலும் தண்ணி பாய்ச்சணும். எதுக்குப் போயிப் பாத்துக்கிட்டு?" என்றார். நான் போய்ப் பார்த்தேன். தேறியிருந்தார். அதைச் சொன்னபோது மடையை அடைத்துவிட்டு, "சரி, நீ படி" என்றார். நான் கல்லூரி முடித்ததும், மதுரையில் பத்திரிகை வேலைக்குப் போனதும் அந்த ஒரு சொல்லால்தான்.

எங்களுடையது அரை ஏக்கர் மல்லிகை. கிணறு வற்றிய ஆண்டில் செடிகள் வேரோடு கருகின. அதன் பிறகு அண்ணன் மற்றவர்கள் தோட்டத்துப் பூவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலையை எடுத்துக்கொண்டார். சாக்கை நனைத்துப் பிழிந்து பூவின் மேல் போர்த்துவார். கயிற்றை மூட்டைக்கு மூன்று சுற்று சுற்றுவார். இரண்டு சுற்றோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை. பறிக்கும் கூலியாள் வராமல் தனியாகப் பூப் பறித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்காகக் காத்திருப்பார். சந்தைக்குப் பிந்திப் போனால் விலை இறங்கிவிடும் என்று மற்றவர்கள் முணுமுணுத்தாலும் வண்டியை எடுக்கமாட்டார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

வண்டியின் பின்னால் இருந்த கேரியர் கடையில் வாங்கியதன்று. நான்கு மூட்டை தாங்கவேண்டும் என்று செம்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சவரிமுத்து அண்ணன் செய்துகொடுத்தது. அவரும் எங்கள் அண்ணனும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இரண்டு பக்கமும் தடித்த கம்பி. ஒவ்வொன்றும் ஒரு இரும்புப் பட்டையில் பற்றவைக்கப்பட்டு, அந்தப் பட்டை வண்டியின் சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கும். பாரம் முழுவதும் அந்த இரண்டு இணைப்புகளில்தான் நிற்கும்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் விடுமுறையில் வந்திருந்தேன். அண்ணன் பக்கத்துக்காரர் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். "ஏலே, கேரியரு எடப்பக்கம் விட்டுருச்சு. சவரிகிட்டக் கொண்டு போயிட்டு வா" என்றார். கொண்டு போனேன்.

"என்னப்பா பேப்பர்காரரே, எங்க பட்டறையப் பத்தி எழுத வந்தியா?" என்று கேட்டார் சவரி அண்ணன்.

"கேரியரு விட்டுருச்சுண்ணே."

"விடாம என்ன செய்யும்? ஒங்கண்ணன் அதுல பூவையா ஏத்துறான்? ஊரையில்ல ஏத்துறான்."

பேட்டரி வயரைக் கழற்றினார். கேரியரை இறக்கி மேசைமேல் வைத்தார். விரிசல் விட்ட இடத்தில் பெயிண்டையும் துருவையும் கிரைண்டரால் தேய்த்தெடுத்துவிட்டுப் பற்றவைத்தார். ஆறியதும் சுத்தியலால் தட்டிக் கசடை உதிர்த்துப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, கேரியரைத் திருப்பி வலப்பக்க இணைப்பில் நகத்தை ஓட்டினார்.

"இங்கயும் மயிரிழை ஓடியிருக்கு, பாரு."

பார்த்தேன். சாக்பீஸ் எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். வெல்டிங் கைப்பிடியை எடுக்கும்போது மின்சாரம் போனது. காத்திருந்தோம். பக்கத்து லேத் பட்டறையில் அதற்குள் எந்திரங்களைக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள்.

"இனி கரண்டு வந்தாலும் முடியாதுப்பா. கழுவிப் பொட்டு வச்சுட்டா, பூசை கழியிற வரைக்கும் மெஷினத் தொடமாட்டோம்."

"நீங்க மாதா கோயிலுக்குப் போறவுகதானண்ணே."

"மாதாவுக்கு என்னயத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதுல்ல." கேரியரை வண்டியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "பூசை கழிச்சு மறுநா கொண்டாரச் சொல்லு. அதுவரைக்கும் ரெண்டு மூட்டைக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சொல்லிரு. மறந்துறாத."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். "பத்தவச்சாச்சா?" என்று உள்ளிருந்து கேட்டார். "ஆச்சுண்ணே" என்றேன். மற்றதை அவர் வெளியே வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். பக்கத்து வீட்டார் வந்தார்கள். பேச்சு வேறு பக்கம் போனது.

மறுநாள் காலை பூஜைக்காக வண்டியை நான்தான் கழுவினேன். புதிதாகப் பற்றவைத்த இடம் கறுத்துத் தெரிந்தது. பூஜைக்கு வண்டி பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். கேரியர் முழுவதும் வெள்ளி பெயிண்ட் அடித்தேன். சாக்பீஸ் வட்டத்தை ஈரத்துணியால் துடைத்தேன். துடைக்கும்போது அது என்ன வட்டம் என்பது எனக்கு நினைவிருந்தது. அதன் மேல் இரண்டு பூச்சு அடித்தேன். அண்ணன் வந்து பார்த்து, "புது வண்டி கெணக்கா இருக்குடா" என்றார். சந்தனம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினோம்.

விஜயதசமியன்று மதுரைக்குத் திரும்பினேன். பேருந்தில் சவரி அண்ணன் சொல்லச் சொன்னது நினைவு வந்தது. இரவு போனில் பேசினோம். மழை பெய்ததா என்று கேட்டேன். மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் திரும்பிய நான்காம் நாள் முகூர்த்தம். நான்கு மூட்டை ஏற்றிக்கொண்டு அண்ணன் புறப்பட்டார். நிலக்கோட்டைச் சாலையில் கேரியர் வலப்பக்கம் முறிந்து, மூட்டைகள் சக்கரத்தின் மேல் சரிந்தன. வண்டி அவரைத் தூக்கித் தார்ச்சாலையில் எறிந்தது. வேறு எந்த வண்டியும் மோதவில்லை.

மதுரையிலிருந்து வரும் வழியில் அந்த இடத்தில் இறங்கினேன். வண்டியை ஒரு புளியமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். பூ சாலை முழுவதும் நசுங்கிக் கிடந்தது. இடப்பக்கத்து வெல்டிங் அப்படியே இருந்தது. வலப்பக்கத்துக் கம்பியின் முறிந்த முகத்தில் பாதி துரு, பாதி புது இரும்பின் வெளுப்பு. துரு பிடித்த பாதி, சவரி அண்ணன் நகத்தால் தடவிக் காட்டிய பழைய விரிசல். அதன் ஓரத்தில் நான் அடித்த வெள்ளி பெயிண்ட்.

அண்ணன் மூன்று நாள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள் மாலை கண் திறந்தார். அண்ணி அருகில் இருந்தார்.

"பூ?"

"அத விடுங்க" என்றார் அண்ணி.

பிறகு என்னைப் பார்த்தார். "சவரி வச்ச வெல்டு விட்டுருச்சாடா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்தபோது உயிர் இல்லை.

என்னுடைய அந்தப் பதிலை அண்ணி கேட்டார். அண்ணியிடமிருந்து உறவினர்கள் கேட்டார்கள். மாலையோடு வந்த சவரி அண்ணனை எங்கள் தாய்மாமா தெருவிலேயே நிறுத்தினார். "செஞ்ச வேலை போதும்யா. கெளம்பு." சவரி அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். மாலையை வேலியில் மாட்டிவிட்டுப் போனார். நான் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தேன், கட்டுவதை நிறுத்தவில்லை. அதன்பிறகு பூக்காரர்கள் யாரும் கேரியர் வேலைக்கு அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. இந்த மலரைப் பெறுபவர்களில் பலர் அந்தப் பேச்சைப் பேசியவர்கள். பேச்சுக்குக் காரணம் நான்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் சவரி அண்ணனைப் பார்க்கப் போனேன். நடந்ததை ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கலாம். அண்ணிக்கு மிச்சம் இருக்கது நீ ஒருத்தன். ஒன்னையும் வெறுத்துட்டா அவுக யாருகிட்டப் போவாக?" என்றார். கையிலிருந்த வேலையைக் கீழே வைக்காமல் மேலும் சொன்னார்: "ஆனா நீ வருவ வருவன்னு பாத்தேன்டா. ஒரு வருசம் பாத்தேன்."

எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். தாள்களை மடித்துத் திருப்பித் தந்தார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சோறு வைத்துவிட்டு, "அச்சுக்குக் குடுங்க" என்றார்.

எங்கள் துயரில் உடன் நின்ற அனைவருக்கும் இந்தக் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சாலையில் அண்ணனைத் தூக்கித் தன் ஆட்டோவில் ஏற்றிய, பெயர் தெரியாத ஓட்டுநருக்கும், மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்துக்கிடந்த ஊர்க்காரர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத பூந்தோட்டத்துப் பெண்களுக்கும் நன்றி. சவரிமுத்து அண்ணனுக்கு நன்றி சொல்லும் இடத்தில் நான் இல்லை. அவர் செய்த வேலையில் குறை இல்லை என்பதை மட்டும் இங்கே பதிகிறேன். அவரைத் தெருவில் நிறுத்தியவர்கள் நினைவு நாளன்று அவரை வாசலில் எதிர்கொண்டு அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி ஓராண்டாகக் கொட்டகையில் கிடந்தது. நினைவு நாளுக்கான பூ அந்த வண்டியில்தான் வரவேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நேற்று சாவியை என் கையில் கொடுத்தார்.

"சவரி அண்ணன்கிட்டக் கொண்டு போங்க தம்பி. வலப்பக்கத்தப் பத்தவைக்கச் சொல்லுங்க."

வாசல்வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"பெயிண்டு அடிக்காதீங்க."