தெஹ்ரானில் பேசாமல் விட்டது

முக்கியமாக எதையாவது சொல்வதற்கு முன் சித்தி எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில், உதடு அதிகம் அசையாமல் பேசுவார். விஷயம் என்னவோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாகத்தான் இருக்கும். சிறுவயதில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

அம்மாவின் தங்கையான அவர் திருச்சியில் நர்சிங் படித்துவிட்டு, எழுபதுகளில் ஈரானுக்கு வேலைக்குப் போனவர். அப்போது அங்கே மன்னராட்சி. நானோ கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். அந்த மன்னர் முப்பது வருடங்களுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கேட்டால் எண்ணெய்ப் பணம், ராணுவம், அமெரிக்கத் துணை, ரகசியப் போலீஸ் என்று அடுக்குவேன். போன வருடம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த சித்தி, நான் அந்தப் பாடத்தைத் தயார்செய்வதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா. ஆனா எங்க வார்டுக்குள்ள ராணுவம் வரலையே" என்றார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

ஒருநாள் ஒரு மாணவனைக் கொண்டுவந்தார்களாம். உள்ளங்கால்கள் இரண்டும் அடிபட்டு, வீங்கிக் கறுத்திருந்தன. கூடவே கோட் போட்ட ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். சித்தியும், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பாரசீக நர்ஸும் கட்டுப் போட்டார்கள். சித்திக்குப் பாரசீகம் கற்றுக்கொடுத்தவள் அந்தத் தோழி. குழாயைத் திறந்துவிட்டு மன்னரைக் கேலி பேசவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். மறுநாள் படுக்கை காலி. பையன் எங்கே என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஓர் இளம் டாக்டர் மட்டும், "இது ஆஸ்பத்திரியா, சிறைச்சாலையா?" என்று கொதித்தார். அடுத்த வாரம் அவரையும் காணவில்லை.

டாக்டர் அப்படிச் சொன்னபோது அறையில் இருந்தது அவர், சித்தி, தோழி மூன்று பேர்தான். "நான் யார்கிட்டயும் சொல்லல. அப்ப போட்டுக்கொடுத்தது அவதானேன்னு நெனச்சேன்" என்றார் சித்தி. அதற்குப் பிறகும் இருவரும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். குளிரைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் பேசினார்கள். வேறெதுவும் பேசவில்லை. வருடக்கணக்கில்.

ஊரெல்லாம் கலவரமாகி, மன்னர் நாட்டைவிட்டே போன பிறகு, சித்தி ஊருக்குக் கிளம்பினார். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தோழி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாளாம். விடுதலையான டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லையாம். கோட் போட்டவர்களில் ஒருவன் அன்றும் கதவுக்கு வெளியே நின்று தானே கேட்டிருக்கிறான்.

"இத்தனை நாளும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்னு சொன்னா. நானும் உன்னைத்தான்னேன். எங்க ரெண்டு பேர்ல உளவு சொல்றவங்களே இல்லம்மா. இருக்கும்னு நெனச்சே வாய மூடிக்கிட்டோம். அந்த ராஜாவுக்கு அது போதுமா இருந்துச்சு."

பேசுவதற்கு அன்று ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. கார் வந்துவிட்டது. பிறகு அந்த நாட்டில் போர் மூண்டது. தோழி என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

மறுநாள் வகுப்பில் வழக்கமான காரணங்களைச் சொல்லி முடித்தேன். மனம் நிலைகொள்ளவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சித்தியிடம் அதைச் சொன்னேன்.

சித்தியின் முகம் மாறிவிட்டது.

"கிளாஸ்ல சொன்னியா? யார் யாரு இருந்தாங்க?"

எனக்கு நினைவிருந்த பெயர்களையெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும், "அந்தப் பொண்ணு எப்படி? நம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார் சித்தி.