மாவுத் தொட்டிக்குள் விழுந்தவரின் வீடு

பழைய படச்சுருள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் ஊமைப்படத் துண்டு ஒன்றை அனுப்பினார். மொத்தம் நாற்பது விநாடி. முகமெல்லாம் மாவு அப்பிய ஓர் ஆள் ஏணியிலிருந்து மாவுத் தொட்டிக்குள் விழுகிறார். சுருள் இருந்த டப்பாவின் மேல் 'அய்யாக்கண்ணு, காமிக், வரிச்சிக்குடி, காரைக்கால்' என்று எழுதியிருந்ததாம். விழுந்தவர் அவர்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். (வீட்டில் திருநள்ளாறு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.)

சனிக்கிழமை காலை 8.10க்கு நாகப்பட்டினத்தில் பேருந்து. இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். காரைக்காலிலிருந்து வரிச்சிக்குடிக்கும் பேருந்து உண்டு. எனக்குத்தான் பொறுமை இல்லை. ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"சிரிப்பு நடிகரா? வரிச்சிக்குடியிலயா?" என்றார் ஓட்டுநர் அன்வர். "அங்க சிரிச்ச முகமா யாரையும் நான் பாத்ததில்லீங்களே." ஆனாலும் டீக்கடையில் நிறுத்தி அவரே விசாரித்தார். "பேசாத படத்துல நடிச்சவர் வீடு எதுங்க?"

"நடிச்சவரெல்லாம் தெரியாது" என்றார் கடைக்காரர். "பேசாதவரு வீடுன்னா அந்தப் பச்சை கேட்டு. ரிட்டயர்டு வாத்தியாரு. யார்கிட்டயும் பேச மாட்டாரு."

அதுதான் சரியான வீடு. கதவைத் திறந்தவர் அய்யாக்கண்ணுவின் பேத்தி மாலதி. உள்ளே அவருடைய அப்பா, எண்பத்து நான்கு வயது கணக்கு வாத்தியார்.

"எங்கப்பா மெட்ராஸ்ல அரிசி மண்டியில வேலை பாத்தவரு" என்றார் வாத்தியார். "அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நாங்க சிரிச்சாலும் அதட்டுவாரு. நீங்க வீடு மாறி வந்துட்டீங்க."

கைபேசியை நீட்டினேன். ஏணி சாய்ந்தது, ஆள் விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "அடி பட்டிருக்குமே" என்றார் மாலதி.

விழுந்தவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இரண்டு தரம் உதறி, நாலாக மடித்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடந்தார்.

வாத்தியார் கைபேசியை வாங்கிக்கொண்டார். "அந்தத் துண்டு உதறுறதை மட்டும் திரும்பப் போடுங்க."

போட்டேன்.

"சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி தினமும் இப்படித்தான் உதறுவாரு. அந்தச் சத்தம் கேட்டா நாங்கள்லாம் கப்சிப். இது அப்பாதான்." படத்தை அவரே இன்னொரு முறை ஓடவிட்டு, "வீட்ல ஒரு தடவையாவது இப்படி விழுந்திருக்கலாம்" என்றார்.

மாலதி அதை வாங்கிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார், சிரிக்கும் பொம்மையோடு. பாரிஸிலிருந்து சித்தப்பா உடனே அழைத்தார். "எங்கப்பா விழுந்ததுக்கு எதுக்கும்மா சிரிப்பு பொம்மை?" போனை வைத்த இரண்டாவது நிமிடம் அவரே மூன்று பொம்மை அனுப்பினார்.

அய்யாக்கண்ணு ஏன் வீட்டில் மறைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரைச் சிரிக்க வைத்தது அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். அதைச் சொல்ல நாம் யார்?

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: வந்த ஆட்டோவையே நிற்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். படத்தைத் தனியாக ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். என் கைபேசி கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. எட்டாவது முறை பார்க்கும்போதுதான் வாத்தியார் சிரித்தார். அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.