கத்தரியம்மா எழுதிய ஒரே கேள்வி

செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் கத்தரியம்மா சிவப்புப் பேனாவைத் திறப்பார். செருப்புக் காலோடு உட்கார்ந்தால் அவருக்குக் கணக்கு ஓடாதாம்.

பொதுத்தேர்வுக்குக் கணக்குக் கேள்வி எழுதுவது எங்கள் பிழைப்பு. அதை வெட்டுவது அவர் பிழைப்பு; கத்தரி என்று நாங்கள் பெயர் வைத்ததும் அதனால்தான். நான் அரும்பாடுபட்டு எழுதிய சீட்டுக்கட்டுக் கேள்வியை எடுத்த எடுப்பிலேயே அடித்தார்.

"ஒரு கட்டுல எத்தனை ராணின்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாம கணக்கைச் சோதிக்கிறோமா, அவங்க வீட்டைச் சோதிக்கிறோமா தம்பி?"

சதுரங்கப் பலகைக்கும் அதே கதி. "அறுபத்து நாலு கட்டம்னு கேள்வியிலயே சொன்னா உங்க சொத்து கொறஞ்சிடுமா?" இன்னொரு கேள்வியில் லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போனவனையும் விடவில்லை. "தரைத்தளத்தை ஒண்ணுன்னு எண்ணுறவங்களும் இருக்காங்களே!" எனக்கு எரிச்சலாக வரும். அவர் சொல்வது சரி என்பது அதைவிட எரிச்சல்.

போன வாரம் மேலாளர் பொறுமை இழந்தார். மாலைக்குள் வினாத்தாள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கத்தரியம்மா வெட்டிய வெட்டில் ஒரு கேள்வி குறைந்தது.

"வெட்டத் தெரியுதுல்ல? அந்த ஒண்ணை நீங்களே எழுதுங்க. முடியலன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

கத்தரியம்மாவின் சம்பளத்தில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பகல் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மாலையில் எழுதி நீட்டினார்: 'ஒரு வீட்டில் மூன்று பேர் வசிக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு செருப்புகள். வாசலில் எத்தனை செருப்புகள் இருக்கும்?'

"ஜோடின்னுகூடப் போடல, ரெண்டுன்னே சொல்லிட்டேன், பாத்தீங்களா தம்பி?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மேலாளர் கையெழுத்துப் போட்டு வினாத்தாளை உறைக்குள் வைத்தார். "இதை முன்னாலயே செஞ்சிருக்கலாம்ல?" எல்லோரும் கைதட்டினோம். அவர் வேலை தப்பியதே என்று நான் மனதாரத் தட்டினேன்.

கத்தரியம்மா பையை மாட்டிக்கொண்டு, மேசைக்கடியில் காலால் துழாவிச் செருப்பைப் போட்டார். இரண்டடி வைத்தவர் நின்று, குனிந்து தன் காலையே பார்த்தார்.

"அடக் கடவுளே! மூணு பேர்ல ஒருத்தர் வெளிய போயிருந்தா?"

மேலாளர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க ஆறுன்னுதாம்மா எழுதும். பேசாம கிளம்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன்.

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உறைக்காக ஒரு கையை நீட்டியபடியே, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினார்.