பச்சையை நம்பிய தப்ரேஸ்

பூந்தமல்லி தப்ரேஸுக்கு உலகத்திலேயே பிடித்த நிறம் பச்சை. அம்பத்தூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை ஒன்று இருக்கும். எந்தெந்த ஊரிலோ ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். நலம் என்றால் பச்சை, திணறினால் மஞ்சள், கோளாறு என்றால் சிவப்பு. திரையை அமைத்தவனே தப்ரேஸ்தான். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

கட்டிய மனைவியை அப்படிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை இஃபத் கேட்டாள். "மச்சான், ஞாயித்துக்கெழம சாயங்காலம் திருமழிசையில தம்பிக்கு நிச்சயம். நான் ஒரே அக்கா. ஜோடியா போய் நிக்கணும். லீவு சொல்லிட்டீங்களா?"

"பாக்கலாம்மா" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்தது. எப்பேர்ப்பட்ட நிம்மதியான வாரம் என்று பூரித்துப்போன அந்த அப்பாவி, ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டிக்கே கிளம்பிவிட்டான்.

மதியம் ஹைதராபாத்திலிருந்து போன் அலறியது. காலையிலிருந்து அங்கே எதுவுமே வேலை செய்யவில்லையாம். தப்ரேஸ் திரையைப் பார்த்தான். ஹைதராபாத் கட்டங்கள் பச்சைப்பசேலென்று சிரித்தன.

பக்கத்து நாற்காலி அமல்ராஜ் உள்ளே நோண்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மாமே, அதுங்க காலைலயே படுத்துக்கிச்சு. செத்தவன் எப்டி சேதி அனுப்புவான்? கடைசியா 'நல்லாக்கீறேன்'னு சொன்னதையே உன் திரை இன்னும் காட்டிகினு கீது. சத்தம் வரலன்னா பச்சைன்னு எழுதி வெச்ச புண்ணியவான் யாரு?"

புண்ணியவான் முகம் வெளுத்துப்போனது. சர்வர்களை எழுப்பிவிட்டு, புது விதி எழுத உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே கட்டம் சாம்பல் நிறமாகி மணி அடிக்க வேண்டும்.

பேசாமல் இருந்தால்! விரல்கள் அப்படியே நின்றன. ஐயோ, இஃபத் அவனோடு பேசி எத்தனை நாளாகிறது?

"இன்னா மாமே, பேயறஞ்ச மாதிரி கீற?"

"ஊட்ல திங்கக்கெழமையிலேர்ந்து சத்தமே இல்லடா. நிச்சயத்துக்குக் கூப்ட்டா..."

"அதையும் பச்சைன்னு நெனச்சியா? ஓடு! இத நான் பாத்துக்கறேன்."

பூந்தமல்லி பஸ் ஸ்டாப்பில் இஃபத் தனியாக நின்றிருந்தாள். கையில் சீர்ப் பை, கண் பஸ் வரும் திசையில். பஸ்ஸுக்குப் பதில் தப்ரேஸின் வண்டி மூச்சிரைத்து அவள் முன்னால் வந்து நின்றது. அவன் மூச்சும்தான்.

"கோவமா இஃபத்?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதான் பயமா இருக்கு." ஹைதராபாத் கதை முழுவதையும் நடுரோட்டில் ஒப்பித்தான். கேட்கக் கேட்க அவள் உதடு துடித்தது. அழுகையோ என்று அவன் கைக்குட்டையைத் தேடியபோது, பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

"இப்ப உங்க சுவத்துல நான் என்ன கலரு?"

"சாம்பல்" என்றான் பரிதாபமாக.

அவள் பையை வண்டியில் மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "திருமழிசை வரைக்கும் மஞ்சள். எங்கம்மா முன்னாடி போனை எடுத்தீங்க, சிவப்பு!"