சட்னிக்காரி ஷரீஃபுன்னிசா முலுண்ட் போன கதை

தாராவியில் இட்லி ஒரு வீட்டில் வேகும், சட்னி வேறொரு வீட்டில் அரைபடும். இரண்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ரப்பர் ஹாரனை அமுக்கியபடி ஊரெல்லாம் போய் விற்கிறவர்கள் மூன்றாவது ஆட்கள். ஷரீஃபுன்னிசா சட்னி வீடு. அந்தச் சந்தில் இன்னொரு சட்னிக்காரியும் உண்டு. ஆனால் ஷரீஃபுன்னிசாவின் காதில் விழும்படி அந்தப் பேரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு சாப்பாட்டின் வினையால்தான். அவள் புருஷன் ஜெயினுலாப்தீன் தோல் பை தைக்கிறவர், சொந்த மிஷின் வைத்திருந்தவர். ஒரு மழைக்காலத்தில் ரோட்டோரம் நின்றபடி எதையோ தின்றுவிட்டு வந்தார். டைபாய்டு. குடல் வரைக்கும் போய்விட்டது. ஆள் பிழைத்தார், மிஷின் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியும் மருந்தும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த சேட், ‘உடம்பைப் பாருங்க பாய்’ என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மகள் சபா படிப்பை நிறுத்திவிட்டுப் பித்தான் தைக்கப் போனாள். டாக்டர் அதை வயிற்று நோய் என்றார். ஷரீஃபுன்னிசாவைக் கேட்டால், வயிற்றில் ஆரம்பித்து வீட்டையே பிடித்த நோய் என்பாள்.

அதனால் அவள் அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலை குழாய்த் தண்ணீரை அப்படியே சட்னியில் விடமாட்டாள். முதல் நாளே கொதிக்கவைத்து ஆறவைத்து மூடிவைத்த தண்ணீர்தான் உள்ளே போகும். “சட்னி அரைக்கியா, பிரசவம் பாக்கியா? எதுக்கு இம்புட்டு வெந்நி?” என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்வார்கள். கேஸ் சிலிண்டர் மற்ற வீடுகளைவிட அவள் வீட்டில் சீக்கிரம் தீரும். கேலி செய்கிறவர்கள் யாரும் அவள் புருஷனின் படுக்கையை அலசியவர்கள் இல்லை என்பதால் அவள் பதில் சொல்வதில்லை.

சட்னி வாங்க வரும் சைக்கிள்காரர்களுக்கும் தினம் ஒரு பாட்டுப் பாடுவாள். வெயில்ல வைக்காதீங்க, கேனைக் குளிர்ச்சியா வச்சுக்கோங்க, தேங்காய் சீக்கிரம் கெட்டுரும். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அவர்களில் ஒருவன் இசக்கிப்பாண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சயானில் முதல் லோக்கலின் லக்கேஜ் பெட்டியில் ஏறி முலுண்டில் இறங்கி, ஸ்டேஷனில் விட்டுவைத்திருக்கும் சைக்கிளில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு விற்பான். பயந்த சுபாவம். ஒரு மே மாதம் மத்தியானம் காலி கேனைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், வாசலிலேயே நின்றான்.

“அக்கா, நாளையிலேர்ந்து நான் பாண்டுப் பக்கம் போறேன். முலுண்ட் வேண்டாம்.”

“ஏன், முலுண்ட்ல யாவாரம் இல்லியா?”

“யாவாரம் இருக்கு. ஒரு பிளாட் சொசைட்டி கேட்டுல நிப்பேம்லா, அங்க நம்மகிட்ட தின்ன டிரைவருங்களுக்கெல்லாம் வயித்தால போச்சாம். கண்டா அடிக்க வாரானுவ.”

வயிற்றுப் புகார் வந்தால் ரூட்டை மாற்றுவது இட்லிக்காரர்களின் பழைய வழக்கம். பம்பாய் பெரிய ஊர். பாண்டுப்பில் கெட்ட பெயர் என்றால் காஞ்சூர், காஞ்சூரில் என்றால் விக்ரோலி. புதிய தெருவில் ஹாரன் புதிதாகவே ஒலிக்கும். அதனால் பாண்டி சொன்னதில் சந்துக்காரர்கள் யாரும் தப்புக் கண்டிருக்கமாட்டார்கள். ஷரீஃபுன்னிசா மட்டும் கேனை வாங்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். எதையோ விழுங்குகிறான் என்று தெரிந்தது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேட்டாள்.

வந்தது முழுக்கதை. அந்தக் கேட்டில் ஹரி என்று ஒரு ராத்திரி வாட்ச்மேன். டியூட்டி முடிந்ததும் பாண்டியிடம் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் ரூமுக்குப் போவான். ஒரு நாள் காலையில் அப்படிச் சாப்பிட்டவன், அன்று ராத்திரி டியூட்டியில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கேட்டருகே விழுந்துவிட்டான். விடியலில் வாக்கிங் வந்த சொசைட்டி செக்ரட்டரி பார்த்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று முடிவு கட்டினார். அன்றைக்கே வேலை போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“சட்னியில நீ என்னல செஞ்ச?” என்று கேட்டாள். கொதித்த தண்ணீரில் அரைத்த சட்னி. அவள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் தின்றார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

“ஒண்ணும் செய்யல அக்கா. நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“குளிர்ச்சியா வைன்னு சொன்னீங்கள்லா. வெயில் கொளுத்துது. ஸ்டேஷன் பக்கம் மீன்காரிகிட்ட பர்ஃப் ஒரு கட்டி வாங்கிக் கழுவி உள்ள போட்டேன். ஒரு வாரமாப் போடுதேன். சட்னி புளிக்கவே இல்ல, நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொன்னாவ.”

மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி. எந்தத் தண்ணீரில் உறைந்ததோ, எந்தத் தரையில் இழுபட்டதோ. அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வாய் வரவில்லை. சட்னி கெடக்கூடாது என்று சொந்தக் காசில் பர்ஃப் வாங்கிப் போட்ட அப்பாவியை எந்த வாயால் திட்டுவது? கேனுக்கு வெளியே குளிர்ச்சி வேண்டும் என்று அவள் ஒரு நாளும் பிரித்துச் சொல்லவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருந்தாள்.

“நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் முலுண்ட் போறோம். அந்த செக்ரட்டரிகிட்ட சொல்லணும்” என்றாள்.

செய்தி சந்தில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மற்ற சைக்கிள்காரர்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றார் ஒருவர். சொந்தச் செலவில் சூனியம் என்றார் இன்னொருவர். முனிசிபாலிட்டிக்கு ஒரு போன் போட்டால் நம் எல்லோர் பாத்திரத்தையும் அள்ளிக்கொண்டு போவான், உன் ஒருத்தி மனசாட்சிக்கு நாங்கள் எல்லோரும் பட்டினி கிடக்கவா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஷரீஃபுன்னிசாவுக்குப் பயம் வந்தது. அன்று மாலை அவள் தேங்காய் உடைக்கவே இல்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயினுலாப்தீன்தான் பேசினார். உடம்பு தேறிய பிறகும் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“நான் படுத்துக் கிடந்தப்போ அன்னிக்கு ரோட்டோரத்துல எனக்குச் சோறு போட்டவன் வந்து எட்டிப் பாக்கலியே. வந்து என்னாலதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மிஷின் திரும்பி வந்திராது. ஆனா நானே என்னத்தையோ செஞ்சு கெடுத்துக்கிட்டேன்னு சேட் முதுகுக்குப் பின்னால சொல்லியிருக்கமாட்டாரு. நீ போயிட்டு வா.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதலில் ஹரியின் ரூமுக்குப் போனார்கள். மலையடிவாரத்தில் நாலு பேர் தங்கும் தகரக் கொட்டகை. பாயில் கிடந்தவன் பாண்டியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. ஷரீஃபுன்னிசா தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் நடந்ததைச் சொன்னாள். கொண்டுபோன கஞ்சியை எடுத்து வைத்தாள். அவன் தூக்குவாளியைப் பார்த்தான், தொடவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை. கூட இருந்த ஒருவன், ஊருக்குப் பணம் அனுப்பும் வாரம் இது, இவன் பொண்டாட்டி போன் மேல் போன் போடுகிறாள், இவன் எடுப்பதே இல்லை என்றான். குடிகாரன் என்று பெயர் எடுத்தவனை வேறு சொசைட்டியிலும் சேர்க்கமாட்டார்கள்.

செக்ரட்டரி ஜகந்நாதன் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், மாதுங்காவில் வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். தரைத்தள வீட்டுக் கதவில் பித்தளைப் பலகையில் பெயர் பளபளத்தது. விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இதோ பாரும்மா, உனக்கு நல்ல மனசு. அவனுக்காகப் பொய் சொல்ல வந்திருக்கே. விழுந்து கிடந்ததை நானே என் கண்ணால பார்த்தேன்.”

“கிடந்ததத்தான் சார் பாத்தீங்க. குடிச்சதப் பாக்கலியே.”

அவர் முகம் சிவந்தது. பாண்டி படியிறங்கி ஓடுவதற்கு ஏற்ற இடத்தில் போய் நின்றுகொண்டான்.

“சட்னி நான் அரைச்சது சார். அதுல மீன் பர்ஃப் விழுந்தது இவனால, இவன் போட்டது நான் வெவரமாச் சொல்லாததால. தப்பு எங்களுது. நீங்க போலீசக் கூப்பிட்டாலும் நான் இதத்தான் சொல்லுவேன். அந்த மனுசன் குடிக்கல.”

“அன்னிக்கு ஏதோ வயிறு சரியில்லாத சீசன். எங்காத்திலேயே மாம்பழம் ஒத்துக்காம ரெண்டு நாள் படுத்திருந்தா. பழக்காரனோட நானே போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன். அதுக்காக—”

“ஏன்னா” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் மனைவி ஷ்யாமளா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி வந்து கதவருகே நின்றார். புருஷன் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மாம்பழம் இல்லை. நானும் அந்த சைக்கிள்லதான் வாங்கிச் சாப்ட்டேன்.”

ஜகந்நாதனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் வீட்டில் வாராவாரம் கிரைண்டர் ஓடுகிறது. வெளியில் காப்பிகூடக் குடிக்காத குடும்பம் என்று சொசைட்டி முழுக்கச் சொல்லிக்கொள்பவர் அவர்.

“நம்மாத்தில இட்லி இல்லையா?”

“இருக்கு. நாப்பது வருஷமா நானேதான் பண்றேன். ஒரு நாள் இன்னொருத்தர் பண்ணினதைச் சாப்பிடணும்னு இருக்காதா? வாக்கிங் போறச்சே ரெண்டு சாப்பிடுவேன். அந்த ஹரிதான் எனக்குத் தட்டு வாங்கிக் கொடுப்பான், யாரும் பார்த்துடாம. அன்னிக்கு அவனும் நானும் ஒரே சட்னிதான் சாப்ட்டோம்.” குரல் உடைந்தது. “எனக்கு டாக்டர் ஆத்துக்கே வந்து டிரிப்ஸ் போட்டார். அவனை நீங்க வேலையை விட்டு அனுப்பினேள். வெட்கத்துல நான் வாயைத் திறக்கலை. இந்தம்மா தாராவியிலேர்ந்து வந்து சொல்றா.”

ஜகந்நாதன் கெட்ட மனிதர் இல்லை, கண்ணை அதிகம் நம்பிய மனிதர். போனை எடுத்து ஹரியைக் கூப்பிட்டார். ஹிந்தியில், உடம்பு தேறியதும் டியூட்டிக்கு வா என்றார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

“படுத்திருந்த நாளுக்கும் சம்பளம் போட்ருங்க சார்” என்றாள் ஷரீஃபுன்னிசா.

“அது சொசைட்டி விஷயம். உனக்கு எதுக்கு?”

“நீங்க போடலைன்னா நான் கொடுக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்.”

போடுகிறேன் என்றார். பிறகு எழுந்து நின்று, தன் கௌரவத்தைக் கொஞ்சமாவது மீட்டுக்கொள்கிற குரலில், இனி அந்த இட்லி சைக்கிள் இந்தக் கேட்டுக்கு வரக் கூடாது, வந்தால் வாட்ச்மேனே விரட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஷரீஃபுன்னிசா, “நியாயம்தான் சார்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். ரயிலில் வரும்போதுதான் லேடீஸ் பெட்டியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

சட்னி வீட்டில் அன்றைக்கே சட்டம் மாறியது. வெயில் காலமும் மழைக்காலமும் முடியும் வரை வெள்ளைச் சட்னி கிடையாது. வெங்காயமும் தக்காளியும் மிளகாயும் எண்ணெயில் சுருள வதக்கின சிவப்புச் சட்னி மட்டும்தான். கேனைச் சுற்றி ஈரச்சாக்கு. “குளிர்ச்சி வெளிய, உள்ள இல்ல” என்று ஒவ்வொருவனையும் அவன் வாயால் திருப்பிச் சொல்லவைத்த பிறகே கேனைக் கொடுத்தாள். வெள்ளைச் சட்னி இல்லாமல் எவன் இட்லி வாங்குவான் என்று முணுமுணுத்து இரண்டு சைக்கிள்கள் அந்த இன்னொரு சட்னிக்காரியிடம் போய்விட்டன. முனிசிபாலிட்டி வரவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்கு வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் சந்தே அவளை முறைத்துப் பார்க்கும். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

பாண்டி அவளை விட்டுப் போகவில்லை. ரூட்டையும் மாற்றவில்லை. முலுண்டிலேயே, அந்தக் கேட்டைத் தாண்டி, அடிக்க வந்த டிரைவர்களிடம் ஒன்றிரண்டு அடியும் வாங்கிக்கொண்டு விற்றான். மழை தொடங்கி ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் காலி கேனோடு வந்தவன் முகம் தொங்கியிருந்தது.

“அக்கா, ஹரி டியூட்டிக்கு வந்துட்டாரு. பழகின மனுசனாச்சேன்னு கேட்டுப் பக்கம் ஒதுங்கினேன். கம்ப ஓங்கிட்டு வாராரு. சலோ, உதர் ஜாவ்னு ஒரே சத்தம். தெருவே திரும்பிப் பாக்கு.”

ஷரீஃபுன்னிசா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கம்ப ஓங்கினாரா?”

“ஆமா.”

“ஒரு கையாலயா, ரெண்டு கையாலயா?”

“என்ன அக்கா கேக்கீங்க? ஒரு கையாலதான். நல்லா தலைக்கு மேல தூக்கி.”

“சத்தம் எப்படி இருந்துச்சு? இழுத்துக்கிட்டா, கணீர்னா?”

“கணீர்னுதான். அப்புறம் டியூட்டி முடிஞ்சதும் ரோட்டத் தாண்டி நம்ம சைக்கிள்ட்ட வந்து ஒரு தட்டு வாங்கித் தின்னாரு, அத விடுங்க. அந்த ஷ்யாமளா அம்மாவும் குடை பிடிச்சுக்கிட்டு வந்தாவ. ஆனா அத்தன பேரு முன்னால என்னைய நாயை விரட்டுத மாதிரி—”

அவன் சொல்லி முடிக்கவில்லை. ஷரீஃபுன்னிசா உள்ளே திரும்பி, கட்டிலில் இருந்த புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம் அன்றைக்கு இன்னும் நறுக்கவில்லை.

“கேட்டீங்களா? பாயை விட்டு எந்திரிக்க முடியாம கிடந்த அந்த வாட்ச்மேன் நம்ம பாண்டிய விரட்டிட்டாராம்.”